தண்ணீர் வந்த வருடத்தில் பல் விழுந்தவர்

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிப்பதற்காக ஒரத்தநாட்டில் அச்சகத்தின் முன் நின்றபோதுதான், எங்கள் தாத்தாவுக்கு என்ன வயது என்பது வீட்டில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. படத்துக்குக் கீழே இடப்பக்கம் 'தோற்றம்', வலப்பக்கம் 'மறைவு' என்று கட்டம் போட்டு வைத்திருந்த பையன், மறைவுத் தேதியைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் அப்பாவைக் கைப்பேசியில் அழைத்தேன். அவர் சித்தப்பாவிடம் கேட்டார், சித்தப்பா பெரிய அத்தையிடம் கேட்டார். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஆறு, தொண்ணூற்று எட்டு என மூன்று விடைகள் வந்தன. நூறு என்று போட்டுவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னதும் காதில் விழுந்தது. கடைசியில் தோற்றம் என்ற கட்டத்தையே எடுத்துவிட்டு அச்சடித்தோம். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் அது.

பதினாறாம் நாள் காரியமும் படத்திறப்பும் முடிந்த பிறகு, முதலாமாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் கொண்டுவர வேண்டும் என்று வீட்டில் முடிவாகி, படித்தவன் என்ற ஒரே காரணத்தால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. 48 பக்கம், 150 பிரதி. அதைச் செய்து முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதத்தில் நான் செய்த பிழைகளையும் தற்செயலாகச் சரியாக அமைந்த சிலவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். தொண்ணூறைக் கடந்த பெரியவர் ஒருவர் இன்னமும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்கு இது உதவக்கூடும்.

முதலில் வயது. தாத்தாவின் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழில் பிறந்த தேதி 1.7.1925 என்று இருந்தது. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குக்கு ஒரு தேதி போட்டுவிடுவார் என்பதற்கு அந்த ஜூலை முதல் தேதியே சாட்சி. ஆதார் அட்டையில் தேதி கிடையாது, 1930 என்று ஆண்டு மட்டும் இருந்தது. முகாமில் உட்கார்ந்திருந்தவர் வயதைக் கேட்டிருப்பார், காது மந்தமான தாத்தா எதையோ சொல்லியிருப்பார். மூன்றாவதாக, அப்பாயியின் ட்ரங்குப் பெட்டி அடியில், கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதற்காக எழுதிய ஜாதகம் ஒன்று கிடைத்தது. அதில் 'அட்சய வருஷம் தை மாதம்' என்றிருந்தது. உறவினர் ஒருவர் உடனே பஞ்சாங்கத்தைப் புரட்டி அட்சய என்றால் 1926 என்றார். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது, தை மாதமோ அதற்கடுத்த ஆங்கில ஆண்டின் சனவரி நடுவில்தான் பிறக்கிறது. ஆகவே அட்சய வருஷத்துத் தை என்பது 1927. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால் அடுத்த அட்சய 1986–87. அந்தத் தையில்தான் அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்ததும், கடன் வாங்கி மாலை மாற்றிக்கொள்ள எனக்கு ஆசையில்லை என்று தாத்தா மறுத்ததும் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்ததால், கணக்கு ஒருவழியாகப் பொருந்தியது.

ஆனாலும் ஜாதகத்தை எழுதியவர் பிசகியிருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு பல்.

அதைச் சொல்வதற்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் என்றதும் காவிரியும் வயலும்தான் வெளியூராருக்கு நினைவுக்கு வரும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் அப்படி இருந்ததில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா காலம் வரை அது ஏரியையும் மழையையும் நம்பியிருந்த வானம் பார்த்த பூமி. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934ஆம் ஆண்டில்தான், அதே திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயிலும் தண்ணீர் விட்டார்கள். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் அதற்குப் பெயர் புது ஆறு. தொண்ணூறு வருடமாகியும் அது பழைய ஆறு ஆகவில்லை.

அந்த முதல் தண்ணீர் வந்ததைத் தாத்தா பார்த்திருக்கிறார். அதைப் பலமுறை சொல்லியுமிருக்கிறார். தண்ணீர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு ஊரே கரையில் போய் நின்றதாம். ஓசை கேட்கும் என்று எதிர்பார்த்து நின்றவர்களுக்கு ஓசை எதுவும் கேட்கவில்லை. காய்ந்த மண்ணை நக்கிக்கொண்டு, நுரையும் சருகும் எறும்புப் புற்று மண்ணுமாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் தண்ணீர் வந்தது. "தண்ணி மொகத்தோடயே நடந்தோம்" என்பார். முன்னால் ஓடவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. கொள்ளுத்தாத்தா ஒரு தேங்காயை உடைத்து இரண்டு மூடிகளையும் தண்ணீரில் விட்டாராம். அப்போது தாத்தாவுக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அது விழுந்தது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதுதான் வழக்கம். அவர் மட்டும் அதைக் கொண்டுபோய்ப் புது ஆற்றில் போட்டுவிட்டு வந்து, கூரையில் போடாத பல் முளைக்காது என்று அம்மாவிடம் அடி வாங்கினார்.

1930இல் பிறந்திருந்தால் அப்போது நான்கு வயது; பல் விழுகிற வயதல்ல. 1925 என்றால் ஒன்பது வயது. மேல் முன்பல் அதற்குள் விழுந்து முளைத்திருக்கும். 1927 என்றால் ஏழு. ஜாதகம் சொன்னது சரிதான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். தாத்தா தொண்ணூற்று ஆறு முடிந்து தொண்ணூற்று ஏழு நடக்கும்போது இறந்திருக்கிறார். எந்த அலுவலகமும் இந்தப் பல்லை ஆதாரமாக ஏற்காது என்பது உண்மைதான். குடும்பத்துக்கு இது போதும்.

இத்தகைய கதைகள் எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் தாத்தாவின் பேச்சைப் பதிவு செய்து வைக்கலாம் என்று தோன்றி, கைப்பேசியை அவர் முன் வைத்து, "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டேன். "என்னத்தச் சொல்றது, பொறந்தோம், வளந்தோம், பாடுபட்டோம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். மறுநாளும் அதேதான். ஒரு மாதம் கழித்து, பரணில் கிடந்த, நெல் அளக்கும் மரக்காலை எதற்கோ இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவராகவே கையை நீட்டி வாங்கினார். விளிம்பில் ஓரிடத்தில் பித்தளைப் பட்டை நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலை விரலால் தடவிக்கொண்டே, எந்த வருடம், யார் களத்தில், எந்த அளவைச் சண்டையில் அது நசுங்கியது என்று தொடங்கி, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற கணக்கில் ஆளுக்கு என்ன கூலி அளந்தார்கள், பத்தாயத்தில் நெல் தீர்ந்த மாதங்களில் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அன்றைக்குப் புரிந்தது, முதியவர்களிடம் வாழ்க்கையைக் கேட்கக் கூடாது, பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் கேள்வி எதுவும் தயாரிக்கவில்லை. ஏர்க்கொழு, மூக்குக்கயிறு, பழைய சாவிக்கொத்து, அப்பாயியின் அரிவாள்மணை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போனேன். சாவிக்கொத்துக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அதில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது அவருக்கே மறந்திருந்தது.

ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரப் பதிவைப் பின்னால் போட்டுக் கேட்டபோது, தாத்தாவின் குரலைவிட மேலே சுற்றிய மின்விசிறியின் குரல்தான் ஓங்கியிருந்தது. நேரில் உட்கார்ந்திருக்கும்போது நம் காது விசிறியை ஒதுக்கிவிடுகிறது, கருவி ஒதுக்குவதில்லை. பிறகு விசிறியை நிறுத்தி, காலை ஒன்பது மணிக்கு மேல், காப்பி குடித்துச் சற்றுக் கழித்து, கைப்பேசியை மேசையில் வைக்காமல் அவர் மடியில் ஒரு துண்டின்மேல் வைத்துப் பதிவு செய்தேன். பிற்பகலில் கேட்டால் சொன்னதையே சொல்வார். பதிந்த அன்றே அதைத் தேதியோடு பெயரிட்டு இன்னொரு இடத்திலும் படி எடுத்து வைப்பது கட்டாயம். இரண்டு பதிவுகளை நான் கைப்பேசியோடு சேர்த்தே இழந்தேன். அவற்றில் என்ன இருந்தது என்று இப்போது நினைவுபடுத்திப் பார்த்தால் அவர் சிரித்தது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

அவரைத் தனியாக வைத்துக் கேட்டதைவிட, அவருக்கு ஆறு வயது இளைய தங்கையைப் பக்கத்து ஊரிலிருந்து அழைத்து வந்து எதிரில் உட்காரவைத்தபோது கிடைத்தது அதிகம். கூரை பறந்த புயல் 1952இல் வந்தது என்று தாத்தா எப்போதும் சொல்வார். எங்கள் மாவட்டத்தில் 1952 நவம்பர் கடைசியிலும் புயல் அடித்தது, 1955 டிசம்பர் தொடக்கத்திலும் அடித்தது. இரண்டையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். "அண்ணே, பெரியவ ஒன் பொண்டாட்டி இடுப்புல இருந்தா, நான்தான் வாங்கிக்கிட்டேன், அம்பத்திரெண்டுல அவ ஏது?" என்று கிழவி ஒரே போடாகப் போட்டார். பெரிய அத்தை பிறந்தது 1953. தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மாட்டுக்கொட்டாய் விழுந்தது மொதப் புயல்ல" என்று திருத்திக்கொண்டார். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கும்போதுதான் இரண்டு பேருக்கும் நினைவு தெளிகிறது. நாம் மறுத்தால் முதியவர்கள் சுருங்கிப்போவார்கள். கூடப் பிறந்தவர்கள் மறுத்தால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எழுத்தில் இருந்தவை குறைவு. அவர் வைத்திருந்த நோட்டுகளில் ஒன்பது மிஞ்சின. அவை நாட்குறிப்புகள் அல்ல, வெறும் வரவு செலவுக் கணக்குகள். தேதியில்லாத பக்கங்களை வரிசைப்படுத்தக் காசே உதவியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அதற்கு முந்தைய பக்கங்களில் ரூபாய், அணா, பைசா என்று மூன்று பத்தி. பிந்தையவற்றில் இரண்டே பத்தி. நடுவில் ஒரு வருடத்துப் பக்கங்களில் மட்டும் இரண்டு விதமாகவும் எழுதி, அணாவுக்கு ஆறு காசு போட்டால் ரூபாய்க்கு நான்கு காசு உதைக்கிறதே என்று ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிதரின் எரிச்சல் அந்தப் பென்சில் எழுத்தில் அப்படியே இருக்கிறது. இத்தகைய நோட்டுகளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பக்கங்களை நெகிழித்தாளில் ஒட்டி லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பெரியப்பா அப்படிச் செய்த பத்திரம் ஒன்று மங்கிப்போய், இப்போது பிரிக்கவும் முடியாமல், படிக்கவும் முடியாமல் கிடக்கிறது. பகல் வெளிச்சத்தில் வாசல் நிழலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தைத் துணியில் சுற்றி வைத்தால் போதும். பழைய புகைப்படங்களின் பின்னால் பெயர் எழுதுவதாக இருந்தால் பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும்.

அரசாங்கக் காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் ரசிக்க ஒன்றுமில்லை. வீட்டில் நிகழ்ந்த இறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிந்துவிட வேண்டும். கிராமத்தில் அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். தள்ளிப்போட்டால் தாமதக் கட்டணம், அனுமதி என்று நீளும். ஒரு வருடம் கடந்துவிட்டால் அலைச்சல் மிகவும் கூடும். அதைவிட முக்கியம் பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பத்திரத்தில் இன்னொரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்தே இல்லை என்று தாத்தா மூன்று பேராக இருந்தார். இறப்புச் சான்றிதழில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதை ஒட்டித்தான் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் நடக்க வேண்டும் என்பதால், பெரியவர் உயிரோடு இருக்கும்போதே எல்லா இடத்திலும் ஒரே பெயராக்கி வைப்பது நல்லது. பெரியப்பா 2011லேயே இறந்துவிட்டதால், அவருடைய இறப்புச் சான்றையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. 1991இல் பாகப்பிரிவினை பதிவாகியும் பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே கிடந்ததை நாங்கள் கண்டுபிடித்ததும் அப்போதுதான்.

அந்தப் பாகப்பிரிவினைதான் மலரில் எங்களுக்குள் நடந்த ஒரே சண்டைக்கும் காரணம்.

தாத்தாவுக்கு இருந்தது பதினெட்டு மா, அதாவது ஆறு ஏக்கர். 1991இல் மகன்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஐந்து மா எழுதிப் பதிந்து, தனக்கு மூன்று மா வைத்துக்கொண்டார். மகள்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெரிய அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார்கள். சின்ன அத்தை எடுத்துக்கொண்டார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989 மார்ச் 25ஆம் தேதி. அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு அது பொருந்தாது. சின்ன அத்தைக்குக் கல்யாணம் நடந்தது அந்த வருடம் பிப்ரவரியில், தை மாதக் கடைசி முகூர்த்தத்தில். ஒன்றரை மாதம் தள்ளி வைத்திருந்தால் அவரும் பங்காளி. பிறகு 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதத்தை எடுத்தபோதும், 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொடவில்லை. அதாவது இரண்டு முறை சட்டம் வந்தது, இரண்டு முறையும் அத்தையின் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டது. சில வருடங்கள் அவர் பொங்கலுக்கு வரவில்லை.

2007இல் தாத்தா தன்னிடம் வைத்திருந்த மூன்று மாவையும், தான் நட்டு வளர்த்த எழுபது தென்னையோடு, மகள்கள் இருவருக்கும் சரிபாதியாகத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். ஆயுள்வரை தானே அனுபவிக்கும் உரிமையைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. மகன்களிடம் கேட்கவும் இல்லை. பத்திரம் பதிந்த பிறகுதான் சொன்னார்.

இதையெல்லாம் மலரில் போடக் கூடாது, நல்லதை மட்டும் எழுது என்பது சித்தப்பாவின் கட்சி. ஊர்க்கோயில் திருப்பணிக்குக் கொடுத்தது, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மண் அடித்தது, பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிக்கக் கொட்டுமேளத்தோடு கல்யாணச் சாவாகப் போனது என்று எழுதினால் போதும் என்றார். அவையும் உண்மைதான், போட்டிருக்கிறேன். ஆனால் அவை எங்கள் பக்கத்தில் எந்தப் பெரியவருக்கும் பொருந்தும். பெயரை மட்டும் மாற்றி அடுத்த வீட்டு மலரில் அச்சடிக்கலாம். அறுபத்து நான்கு வயதில் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அது தவறு என்று எண்பது வயதில் முடிவுக்கு வந்து, சட்டம் கேட்காதபோதும் திருத்திய மனிதர் எங்கள் தாத்தா மட்டும்தான். அத்தைகள் இருவரிடமும் பக்கத்தைப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கி, சேர்த்தேன். சித்தப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

மலரின் கடைசிப் பக்கத்தில் அவருடைய ஒன்பதாவது நோட்டிலிருந்து ஒரு பக்கத்தின் படம் இருக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. தொண்ணூற்றொரு வயதுக் கிழவர் கையில் கம்போடு, எல்லார் பங்குத் தோப்பையும் இரண்டு நாள் சுற்றி வந்து எண்ணி, நடுங்கும் எழுத்தில் எழுதியிருக்கிறார்: "விழுந்தது 143. நிக்கிறது 47." அதற்குக் கீழே எதுவுமில்லை. மலரும் அந்த எண்ணிக்கையோடுதான் முடிந்தது.

மலர் வெளியாகிப் பதினைந்து நாள் கழித்துச் சின்ன அத்தை ஒரு குரல் செய்தி அனுப்பினார். புயலடித்த ஆறாம் நாள், விழுந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்கியதும், தாத்தாவை வண்டியில் ஏற்றிப் பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அத்தை ஊருக்கு அழைத்துப் போனவன் நான்தான். அவரை வாசலில் இறக்கிவிட்டதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை அத்தை சொல்லித்தான் கேட்டேன். அத்தை பங்கின் முப்பத்தைந்து மரத்தில் இருபத்தொன்பது விழுந்திருந்தன. மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்திருந்தது. அந்தக் கணக்கைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அத்தை நினைத்தாராம். தாத்தா திண்ணையில் உட்கார்ந்தார், கொடுத்த காப்பியைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "குடுத்ததே கொஞ்சம் ஆத்தா, அதுவும் விழுந்துபோச்சு" என்றாராம். அத்தை பதில் சொல்லவில்லை. ஆறிய காப்பியை எடுத்துப்போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், குடித்திருக்கிறார்.

ஊர் முழுக்க மின்சாரம் இல்லாத அந்த நேரத்தில், கடைத்தெருவில் ஜெனரேட்டர் போட்டிருந்த ஒரு கடை வாசலில், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற இருபது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.